வரவேண்டியவரின் நாற்காலி

மேல் வீட்டில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது கீழ் வீட்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தெரியவந்ததே ஒரு விபத்து. அவர்கள் குடிவந்து வருடம் திரும்பிவிட்டது. கூரையில் ஒரு ஓட்டம் கிடையாது, ஒரு பந்து விழுந்தது கிடையாது. ஒருநாள் சாயங்காலம் மேல் வீட்டு ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிட்டார்கள். போனான், பின்பக்கத்தைக் கழற்றினான், துடைக்கத் துணி கேட்கத் திரும்பினான். சோபாவில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் மடியில் கைவைத்து உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்க்ரூடிரைவர் நழுவிக் காலில் விழுந்தது.

"யாருங்க இவங்க?" என்றான்.

"எங்க பிள்ளைங்கதான். நீங்க வந்தப்பவே இங்கதான் இருந்தாங்க," என்றாள் மேல் வீட்டுக்காரி. அவள் முகத்தில் பெருமை வழிந்தது. "சபைப் பள்ளிக்கூடத்துல படிக்கிறாங்க இல்லையா, அதான். இருக்கிறதே தெரியாது."

அவன் கீழே வந்து இதை மனைவியிடம் சொன்னான். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினாள்.

"இவளையும் அங்க சேத்துடலாமாங்க?" என்றாள்.

இவள் என்றது அவர்கள் மகளை. ஆறு வயது. வீட்டில் ரேடியோ என்று பெயர். காலையில் கண் விழிப்பதற்கு முன்பே வாய் விழித்துவிடும். ஃபிரிட்ஜ் கதவை மூடியபின் உள்ளே விளக்கு எரிகிறதா இல்லையா என்பது அவளுடைய நிரந்தரக் கேள்வி. அணைந்துவிடும் என்று தொழில் தெரிந்த அப்பா சொன்னால், "நீ உள்ள உக்காந்து பாத்தியாப்பா?" என்பாள். இந்தக் கேள்விகளை எல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாத கேள்வி ஒன்று இருந்தது. அது தினமும் சாப்பாட்டு வேளையில் வரும்.

"தம்பிப் பாப்பா எப்ப வருவான்?"

போன வருடம் அம்மா பெரிய வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெறும் கையோடு திரும்பி வந்தாள். ஆண் குழந்தை. பிறந்தது, அழவே இல்லை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் ரேடியோ வாசலில் நின்று கேட்டாள். அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்: "அப்புறமா வருவான்மா." சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் தைரியம் அவனுக்கு அன்றும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. கேள்வி வரும்போதெல்லாம் மனைவி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆகவே பிள்ளைக்கு ஒழுக்கம் வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஒழுக்கம் என்ற வார்த்தையை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொன்னார்கள்.

சபைப் பள்ளிக்கூடம் ஊரின் சந்தடியான தெருவில்தான் இருந்தது. ஆனால் கேட்டுக்குள் கால்வைத்ததும் யாரோ காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிட்டது. வாசலில் ஒருவர் உட்கார்ந்து, வருகிறவர்களின் செருப்புக்கும் ஷூவுக்கும் மேலே மாட்டிக்கொள்ள கம்பளித் துணி உறைகள் கொடுத்தார். பிள்ளைகளின் ஷூக்களுக்கு அடியிலேயே கம்பளி ஒட்டியிருந்தது. மணி கிடையாது. பாடவேளை முடிந்தால் ஒரு ஆயா வெள்ளைத் துணியை ஆட்டிக்கொண்டு வராந்தாவில் நடப்பாள். சிரிக்கத் தடை இல்லை என்று சுவரில் எழுதியிருந்தது. மழை பெய்யும்போது சிரிக்கலாம், சத்தம் கலந்துவிடும்.

நேர்காணல் அறையில் தலைமையாசிரியையும் சபையின் செயலரும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு காலி நாற்காலி. மெக்கானிக் அதில் உட்காரப் போனான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"அது வரவேண்டியவருடைய இடம்," என்றார் செயலர்.

விஷயம் இதுதான். ஒருநாள் ஒருவர் வருவார் என்பது சபையின் நம்பிக்கை. எப்போது, எந்த வழியாக என்று யாருக்கும் தெரியாது. அவர் காலடிச் சத்தம் மட்டும்தான் அடையாளம். அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் அவருக்கு ஒரு நாற்காலி. அவருடைய காலடி கேட்கவேண்டும் என்பதற்காக மற்ற எல்லாக் காலடிகளையும் பள்ளி ஒழித்துவிட்டது.

"உங்களுக்கு நம்பிக்கை உண்டா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"உண்டுங்க," என்றான் மெக்கானிக். அது போதாதோ என்று தோன்றியது. "வேலை நேரம் போக."

செயலர் குரலைக் கனமாக்கிக்கொண்டார். "பாருங்கள், நாங்கள் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. குடும்பங்களைத்தான் சேர்க்கிறோம். குழந்தை தானாகவே அமைதியாகிவிடும், வீட்டில் யாரும் அதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் போதும். அந்த ஒத்துழைப்பு உங்களிடம் கிடைக்குமா?"

மெக்கானிக்கும் மனைவியும் தலையாட்டினார்கள். அந்த விஷயத்தில் அவர்களுக்கு நல்ல அனுபவம் இருந்தது.

ரேடியோ அதுவரை பேசாமல் இருந்ததே பெரிய அதிசயம். நாற்காலியின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல வரப்போறது யாரு? சின்னவங்களா, பெரியவங்களா?" என்றாள்.

தலைமையாசிரியை அவள் தலையைத் தடவினார். "நல்ல கேள்வி கண்ணு. பத்திரமா வெச்சுக்கோ. இனிமே வேற கேள்வி வேண்டாம்."

பதில் வரவில்லை என்பதை ரேடியோ கவனித்துக்கொண்டாள். பதில் சொல்லாத பெரியவர்களை அவளுக்குப் பழக்கம்தான். அவர்கள் எதற்குப் பதில் சொல்ல மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சேர்ந்து கொஞ்ச நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. சாப்பாட்டு வேளையில் கேள்வி வரவில்லை. முதல் நாள் இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். மறுநாள் மனைவி இரண்டு முறை மகளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வாரம் ஆனபோது ஃபிரிட்ஜின் உறுமல் வீடு முழுக்கக் கேட்டது.

பெற்றோர் கூட்டத்தில் மெக்கானிக்குக்கு மேலும் பல விஷயங்கள் புரிந்தன, அதாவது புரியவில்லை. வகுப்பில் தினமும் எல்லாப் பெயர்களையும் வாசித்து முடித்ததும் கடைசியாக வரவேண்டியவரைக் கூப்பிடுகிறார்கள். பிறகு எல்லாரும் காது கொடுத்துக் காத்திருக்கிறார்கள். கல்வி அதிகாரி ஒருவர் வந்து, வராத மாணவருக்கு வருகைப் பதிவில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டு வைத்துவிட்டாராம். அதைப் பற்றித்தான் அன்றைய விவாதம். வரவில்லை என்று போடுவது நிந்தனை என்றார் ஒருவர். வந்தார் என்று போடுவது பொய் என்றார் இன்னொருவர். செயலர் எழுந்து 'தாமதம்' என்று போடத் தீர்ப்புச் சொன்னார். கைதட்டல் இல்லாத இடம் என்பதால் எல்லாரும் இமைகளைத் தட்டினார்கள்.

மதிப்பெண்ணிலும் நாற்காலிக்குத்தான் முதல் இடம். கணக்கில் ஒரு தப்புகூடப் போடவில்லை, ஆகவே நூறு. கையெழுத்தில் ஒரு கிறுக்கல் இல்லை, ஆகவே நூறு. ஒழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம்.

"இந்தப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இந்த மாணவரால் எந்த ஆசிரியருக்கும் ஒரு தொந்தரவு வந்ததில்லை," என்றார் செயலர். கண்கள் கலங்கியிருந்தன. "நம் பிள்ளைகள் எல்லாரும் இவரைப்போல் ஆகவேண்டும். அதுவே நம் இலட்சியம்."

பிறகு பெற்றோர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இந்தப் பள்ளி தங்களை எப்படி ஈர்த்தது என்று சொன்னார்கள். மெக்கானிக் பக்தி, பண்பாடு என்றெல்லாம் வரும் என்று காத்திருந்தான். ஒரு வக்கீலம்மா சொன்னாள்: "அப்பா ஏன் வீட்டுக்கு வர்றதில்லன்னு பையன் கேட்டுக்கிட்டே இருந்தான். இப்ப கேக்கறதில்ல." ஒரு பேக்கரிக்காரர் சொன்னார்: "நான் குடிக்கிறதப் பத்தி எம் பொண்ணு கேக்கும். இப்ப பாக்க மட்டும்தான் செய்யுது." மேல் வீட்டுக்காரி எழுந்தாள். ஏதோ சொல்ல வந்தாள், சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். அதற்குத்தான் அன்று அதிகமான இமைகள் தட்டின.

மெக்கானிக்கின் முறை வந்தது. "ஒழுக்கத்துக்காகங்க," என்றான். பக்கத்தில் மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

இதற்கப்புறம்தான் நாற்காலி வீட்டுக்கு வந்தது. ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்து ஒரு வாரம் அதை உபசரிக்க வேண்டும். பள்ளி வேனில் சீட் பெல்ட் போட்டு வந்து இறங்கியது. கூடவே வேன் அக்கா இறங்கி விதிகளை மூச்சுவிடாமல் சொன்னாள்.

"யாரும் உக்காரக் கூடாது. துணி காயப்போடக் கூடாது. சாப்பாட்டு வேளையில முன்னாடி ஒரு தட்டு வைக்கணும். தூசி தட்டலாம், ஆனா மன்னிப்புக் கேட்டுட்டுத் தட்டணும். போன வீட்ல ஒரு பூனை ஏறிப் படுத்துருச்சு, இன்னும் விசாரணை நடக்குது."

"பூனையையா விசாரிக்கிறாங்க?"

"அது வாயே திறக்க மாட்டேங்குது. செயலருக்கு அதுமேல ரொம்ப மரியாதை வந்துருச்சு."

சின்ன நாற்காலி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உட்காருகிற அளவு. மெக்கானிக் அதைச் சாப்பாட்டு மேசையருகே வைத்தான். வைத்த பிறகுதான் அந்த இடம் இத்தனை நாளும் காலியாக இருந்தது கண்ணில் பட்டது. மனைவி நான்காவது தட்டை எடுத்து வைத்தாள். வேன் அக்கா பெரிய தட்டுத்தான் சொல்லியிருந்தாள். இவள் வைத்தது சின்னக் கிண்ணம்.

அந்த வாரம் முழுக்க யாரும் பேசவில்லை. ரேடியோ நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து அதன் கிண்ணத்துக்கு இடம் விட்டுச் சாப்பிட்டாள். ஒருநாள் காலை மெக்கானிக் வேலைக்குக் கிளம்பும்போது, நாற்காலியில் மஞ்சள் நிறத்தில் ஏதோ விரித்திருந்தது. பிறக்கப்போகிற குழந்தைக்கு என்று வாங்கி அலமாரி மேல்தட்டில் ஒளித்து வைத்த சின்னப் போர்வை. மகள் ஸ்டூல் போட்டு எடுத்து விரித்திருக்கிறாள். மனைவி பார்த்திருக்கிறாள். எடுக்கவில்லை. ஒரு ஓரம் மடிந்திருந்ததை நீவிவிட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

 மகள் ஏன் பேசுவதை நிறுத்தினாள் என்று அப்போது அவனுக்குப் புரிந்தது. ஒழுக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தம்பியின் காலடி கேட்கவேண்டும் என்று குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அன்றே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். சாயங்காலம் வந்து மகள் முன்னால் உட்கார்ந்தான். அவள் உதட்டில் விரல் வைத்து, வாசலைக் காட்டினாள். அவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

ஆண்டு விழா வந்தது. ரேடியோவுக்குக் கேள்வியில்லாப் பரிசு. அந்த ஆண்டு ஒரு கேள்வியும் கேட்காத குழந்தைக்குக் கொடுப்பது அது. பரிசு பெற்றவர் மேடையில் வரவேண்டியவரின் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து விடவேண்டும். அப்போது சபை முழுவதும் கண்களை மூடிக்கொண்டு காத்திருக்கும். இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் நடந்ததில்லை. அதனால் எல்லாருக்கும் அந்தச் சடங்கு மிகவும் பிடிக்கும்.

மெக்கானிக் அன்று தாமதம். ஒரு மருந்துக்கடையில் ஃபிரிட்ஜ் நின்றுபோய்விட்டது, விட்டுவிட்டு வரமுடியவில்லை. முடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். வாசலில் கம்பளி உறை கொடுப்பவரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அவரை எழுப்புவதா, தொந்தரவு செய்யாமல் விடுவதா என்று புரியாமல் மெக்கானிக் அப்படியே உள்ளே போய்விட்டான். காலில் வேலை ஷூ. அடியில் ஆணி அடித்தது.

டக். டக். டக்.

அவ்வளவு பெரிய அரங்கில் அந்தச் சத்தம் மட்டும் நடந்து வந்தது. மூடிய கண்களுக்குக் கீழே எல்லா முகங்களும் வெளுத்தன. வக்கீலம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரர் "இனிமே தொடமாட்டேன், இனிமே தொடமாட்டேன்" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். மேடையில் செயலர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். மைக் அணைக்கப்படவில்லை.

"இப்பவேவா?" என்று அரங்கம் முழுக்கக் கேட்டது அவர் குரல். "ஐயோ, இப்ப வந்துட்டா எப்படி? வந்துட்டா அப்புறம் நாமெல்லாம் எதுக்கு? ஸ்கூல் எதுக்கு?"

"அட்டெண்டன்ஸ்ல என்ன போடறது?" என்றார் தலைமையாசிரியை, அழுகிற குரலில்.

"கதவை யாராவது மூடுங்களேன்!" என்று கத்தினார் செயலர்.

ஒரே ஒரு ஆள் கண்ணைத் திறந்தாள். ரேடியோ. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்பாவைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. உடனே அவனை விட்டுவிட்டு அவனுக்குப் பின்னால் பார்த்தாள். அவன் முழங்கால் உயரத்தில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினாள்.

"அப்பா, தம்பி எங்க?" என்றாள். பல மாதத்துக்குப் பிறகு வந்த குரல். கரகரவென்று இருந்தது. "நீ கூட்டிட்டு வரலையா?"

மெக்கானிக் நடுவழியில் நின்றான். திரும்பிக்கொள்ள அங்கே ஜன்னல் இல்லை.

"தம்பி வரமாட்டான்மா," என்றான். "அவன் செத்துப்போயிட்டான். பிறந்த அன்னைக்கே செத்துப்போயிட்டான். நான்தான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அரங்கத்தில் எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். வந்தது ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்று கண்டதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஏமாற்றம் என்று அவர்கள் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். அப்போது கேட்க அது ஏமாற்றமாகத் தெரியவில்லை. செயலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உறை போடாமல் நடந்த குற்றத்துக்காக அந்தக் குடும்பத்தை அக்கணமே வெளியேற்றுவதாக அறிவித்தார். குரலில் அப்படி ஒரு நன்றி இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ரேடியோ அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் வரை அழுதாள். பிறகு ஆரம்பித்தாள். செத்துப்போனால் வலிக்குமா, எங்கே வைத்தீர்கள், ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, தம்பிக்கு என்னைத் தெரியுமா. தெரிந்ததற்குச் சொன்னார்கள். தெரியாததற்குத் தெரியாது என்றார்கள்.

"அவன் எப்படி இருந்தான்?"

மெக்கானிக் வாயைத் திறந்தான். அவன் பார்க்கவே இல்லையே.

"உன் மூக்கு," என்றாள் மனைவி. "நெத்தி அப்பாவோடது. தலை நிறைய முடி." சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல, "உங்க ஷூ சத்தம் எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஒரு நிமிஷம் நானும் நம்பிட்டேங்க," என்றாள்.

மெக்கானிக் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது அங்கேயே, கண்டக்டர் முன்னாலேயே உடைந்தது. தேம்பித் தேம்பி அழுதான்.

ரேடியோ வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே மணி அடிப்பார்கள், எல்லாரும் கத்துவார்கள். சபைப் பள்ளியை வீட்டில் எல்லாரும் மறந்துபோனபோது, ஒரு சாயங்காலம் வேன் அக்கா வந்து ஒரு மதிப்பெண் அட்டையை நீட்டினாள். எல்லாப் பாடத்திலும் நூறு. இரண்டாம் இடம்.

"நான்தான் அங்க வர்றதே இல்லையே?" என்றாள் ரேடியோ.

"அதான் இவ்ளோ நல்ல மார்க்," என்றாள் வேன் அக்கா. "நீ போனதும் உன் நாற்காலியை எடுத்துடலாம்னுதான் இருந்தாங்க. அப்புறம் பாத்தா, அதுவும் அவ்ளோ ஒழுக்கமா இருந்துச்சு. இப்ப உன் பேரையும் கடைசியா கூப்பிடறாங்க. எல்லாரும் காத்திருக்கோம். தினமும் தாமதம்னு போடறாங்க." கூரையைக் காட்டினாள். "இந்த வாரம் உன் நாற்காலிக்கு மேல் வீட்லதான் சாப்பாடு."

மனைவியின் முகம் செத்துவிட்டது. உயிரோடு கண்முன்னால் நிற்கிற பிள்ளைக்கு மேலே தட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். அவள் மகளை இழுத்து அணைக்கக் கை நீட்டினாள். ரேடியோ அங்கே இல்லை.

படியில் சத்தம் கேட்டது. புது ஷூ. தடதடவென்று ஏறியது. மேலே போய் நின்றது. கதவு திறந்தது.

"நான் வந்துட்டேன்!"

 பிறகு ஒரு அலறல். அந்த அலறல் பாதியில் சிரிப்பாக மாறியது. ஒரு நாற்காலி தரையில் தேய்ந்தது. மேல் வீட்டுக்காரர்கள் குடிவந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் கூரை அதிர்ந்தது. ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், எதையோ கீழே தள்ளுகிறார்கள். சுண்ணாம்பு உதிர்ந்து மெக்கானிக்கின் தோளில் விழுந்தது. வேன் அக்கா காதைப் பொத்திக்கொண்டு வேனுக்கு ஓடினாள்.

மனைவி அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேருங்க ஓடறாங்க?" என்றாள்.

மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டான். "மூணு பேர்."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆமா," என்றாள். "மூணு பேர்தான்."